விளையாட்டு விதிகள் யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் அந்தக் கதையை முன்னெடுத்துச் செல்லும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்களுக்கு இடையிலான உரிமப் பிரச்சினையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: விடுதியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடி வருகிறோம். 2023இல் அதன் உரிமையாளர் ஏதோ ஓர் உரிமத்தை ரத்து செய்யப் பார்த்ததாகவும், மற்ற வெளியீட்டாளர்கள் எல்லாம் கொதித்தெழுந்ததாகவும் நண்பர் ஒருவர் சொல்கிறார். ஒரு நிறுவனத்தின் உரிமம் மற்ற நிறுவனங்களின் பிழைப்பை எப்படிப் பாதிக்கும்?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் 1974இல் வெளியிட்டது. இத்துறையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது அதுதான். விற்பனையில் இன்றும் முன்னால் நிற்பது அதுதான். ஆனால் 1990களின் நடுவில் டிஎஸ்ஆர் கடனில் மூழ்கியது. மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டால் பெரும்பொருள் ஈட்டியிருந்த விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1997இல் அதை வாங்கியது. விசார்ட்ஸையே 1999இல் பொம்மைத் தயாரிப்பாளரான ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்தில் இந்த விளையாட்டின் வணிகப் பொறுப்பைக் கவனித்தவர் ரயன் டான்சி. ஒருவர் எந்த ரோல்பிளேயிங் விளையாட்டை வாங்குவார் என்பதை, அதை விளையாட அவருக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவருடைய கணிப்பு. ஆட்டத்தில் நடத்துவதற்கான கதைகளைக் கொண்ட கதைத்தொகுப்பு நூல்களை அச்சிடுவதில் பெரிய நிறுவனத்துக்கு லாபம் குறைவு. ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர் மட்டுமே அவற்றை வாங்குவார். அந்த வேலையைச் சிறு வெளியீட்டாளர்களுக்கு விட்டுவிட்டால், அவர்கள் வெளியிடும் ஒவ்வொரு நூலும் அடிப்படை விதிநூலின் விற்பனையைத்தான் கூட்டும் என்று அவர் வாதிட்டார். இந்தக் கணக்கோடு இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. டிஎஸ்ஆர் வீழ்ந்தபோது அதனோடு சேர்ந்து விளையாட்டே அழிந்துபோகும் நிலை வந்தது. இனி எந்த உரிமையாளர் திவாலானாலும், மனம் மாறினாலும், விளையாட்டை யாராலும் புதைத்துவிட முடியாதபடி செய்ய வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். இந்த இரண்டாவது காரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் நடந்தது அதோடு நேரடியாகத் தொடர்புடையது.

லினக்ஸ் மென்பொருளை வளர்த்த ஜிஎன்யூ பொது உரிமத்தை (ஜிபிஎல்) முன்மாதிரியாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டில் விளையாட்டின் மூன்றாம் பதிப்போடு சேர்த்து ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’ என்ற திறந்த உரிமம் வெளியிடப்பட்டது. விதிகளின் சாரத்தை ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்’ என்ற ஆவணமாகத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்து, மாற்றி, விற்கலாம் என்று அது அனுமதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ஜென் கான் விளையாட்டு மாநாட்டில் புதிய விதிநூல் விற்பனைக்கு வந்த அதே நாளில், கிரீன் ரோனின், அட்லஸ் கேம்ஸ் ஆகிய சிறு நிறுவனங்களின் கதைத்தொகுப்புகளும் கடைவிரித்தன. அன்று தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேல் எண்ணற்ற வெளியீட்டாளர்கள் தங்கள் நூல்களின் கடைசிப் பக்கத்தில் அந்த உரிமத்தை முழுமையாக அச்சிட்டு, அதை நம்பித் தொழில் நடத்தினார்கள். அதை ரத்து செய்வது அவர்களின் பழைய நூல்கள் அனைத்தையும் கேள்விக்குள்ளாக்கும் என்பதால்தான் அத்தனை கொந்தளிப்பு.

கேள்வி: கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்தும் வடிவத்துக்கே உண்டு என்று வகுப்பில் படிக்கிறோம். விளையாட்டு விதி என்பது கருத்துதானே? யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றுக்கு உரிமம் எதற்கு?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உங்கள் அடிப்படை சரியானது. 1879இல் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு கணக்கெழுதும் முறையை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, அந்த முறைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 102ஆம் பிரிவின் ‘பி’ உட்பிரிவும் கருத்து, நடைமுறை, செயல்முறை, அமைப்புமுறை ஆகியவற்றைப் பாதுகாப்பிலிருந்து விலக்குகிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் இதே நெறியை வலியுறுத்தியது. பல்லாங்குழியை எப்படி ஆடுவது என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்கி ஒருவர் எழுதிய நூலின் வாக்கியங்கள் அவருக்குச் சொந்தம்.

ஆனால் ரோல்பிளேயிங் விதிநூல் பல்லாங்குழியைப் போல் நாலு வரியில் முடிவதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் மந்திரங்கள், ஆயுதங்கள், அரக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், வருணனை, எண்கள் என்று விதியும் இலக்கியமும் பின்னிக் கிடக்கின்றன. இருபது முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு திறன் மதிப்பைக் கூட்டுவது வெறும் முறை. ஒரு குறிப்பிட்ட அரக்கனின் பெயரும் தோற்றமும் கதையும் வெளிப்பாடு. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு வரும்வரை வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துக்கொண்டே இருக்கும் வசதி மூன்று பேர் நடத்தும் பதிப்பகத்துக்குக் கிடையாது.

இந்த அச்சம் கற்பனையும் அல்ல. மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் 1980களில் அனுமதியின்றி இந்த விளையாட்டுக்கான துணைநூல்களை வெளியிட்டபோது டிஎஸ்ஆர் சண்டைக்கு நின்றது. 1984இல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. அது மீறப்பட்டதாக 1991இல் டிஎஸ்ஆர் வழக்குத் தொடுத்து, பின்னர் அந்த நூல்வரிசையையே விலைக்கு வாங்கிக்கொண்டது. நிறுவனத்தை விட்டு வெளியேறிய கைகாக்ஸ் 1992இல் வேறொரு பதிப்பகத்தின் வழியாகப் புதிய விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது அவர் மீதும் வழக்கு பாய்ந்தது. விளையாட்டை உருவாக்கியவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்கள் எப்படித் துணிவார்கள்?

ஆகவே 2000ஆம் ஆண்டு உரிமத்தை ஒரு சமாதான உடன்படிக்கையாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. சட்டப்படி தேவையில்லாத அனுமதியையும் சேர்த்து அது வழங்கியது. பதிலுக்கு, சட்டப்படி செய்ய முடிந்த ஒன்றைக் கைவிடும்படி கேட்டது. போட்டியாளரின் வணிகப் பெயரைச் சொல்லி ‘இதனோடு பொருந்தும்’ என்று உண்மையாக விளம்பரம் செய்வது பொதுவாக அனுமதிக்கப்படுவது. அந்த உரிமத்தின் 7ஆம் பிரிவோ, தனி ஒப்பந்தம் இல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்றது. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற சில அரக்கர்களையும் நிறுவனம் தன் தனி அடையாளமாக ஒதுக்கிக்கொண்டது. கொடுத்ததும் வாங்கியதும் தெளிவாக இருந்ததால், நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே யாருக்கும் எழவில்லை. அந்தத் தெளிவுதான் அதன் உண்மையான மதிப்பு.

கேள்வி: வீட்டில் நாங்களே புதிய விதிகளை எழுதி விளையாடுகிறோம். இதற்கும் உரிமம் வேண்டுமா?
– பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: வேண்டியதில்லை. இந்த உரிமங்கள் அனைத்தும் பிறர் எழுத்தைத் தம் வெளியீட்டில் சேர்ப்பவர்களுக்கானவை. உங்கள் மேசையில் நீங்கள் எழுதி, நீங்கள் ஆடுவதில் யாரும் குறுக்கிட முடியாது, தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். தன் முதன்மைப் பொருளைப் போட்டியாளர்களுக்கு இலவசமாகத் தூக்கிக் கொடுப்பது எந்த வணிகத்துக்கும் கேடுதான் என்பது என் அனுபவம். பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு அப்படித்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை முந்தியது என்று படித்தேன். அப்படியானால் உரிமம் கொடுத்தது தவறுதானே?
– பதிப்பாளர், சென்னை

பதில்: முந்தியது உண்மை. ஆனால் எந்த ஆண்டில், எந்தச் சூழலில் முந்தியது என்று பார்த்தால் முடிவு வேறாகிறது.

2000இல் திறந்த உரிமத்தோடு ‘டி20’ வணிகக்குறி உரிமம் என்ற இன்னொன்றும் கொடுக்கப்பட்டது. அந்த முத்திரையை அட்டையில் அச்சிட விரும்புவோர், பாத்திரத்தை உருவாக்கும் விதிகளைத் தம் நூலில் சேர்க்கக் கூடாது. விசார்ட்ஸின் அடிப்படை விதிநூல் தேவை என்றும் குறிப்பிட வேண்டும். அதாவது, இலவசமாகக் கொடுத்ததாகத் தோன்றும் பொருளின் வாசலில் கட்டண நுழைவாயில் ஒன்று இருந்தது. அந்தக் கட்டணம் விசார்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. டான்சியின் கணக்கு இங்கே பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

சிக்கல் வேறு வடிவில் வந்தது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றானதும் தரமற்ற நூல்களும் குவிந்தன. 2003 ஜூலையில் விசார்ட்ஸ் 3.5 என்ற திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தபோது, பழைய பதிப்புக்காக அச்சிட்ட சரக்கு கடைகளில் தேங்கியது. பல சிறு நிறுவனங்கள் அந்த அடியிலிருந்து மீளவில்லை. பதிப்பாளரான உங்களுக்கு விற்காத பிரதியின் கனம் தெரியும். வேறொருவர் வகுத்த விதியின் மேல் நூல் எழுதுபவர், அவர் எப்போது பதிப்பை மாற்றுவார் என்ற பதைப்போடுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும். திறந்த உரிமம் அந்த ஆபத்தை நீக்கவில்லை. பழைய விதியின் மேலேயே தொடர்ந்து நிற்கலாம் என்ற வழியை மட்டும் அது விட்டுவைத்தது. அந்த வழிதான் பின்னால் முக்கியமானது.

பாத்ஃபைண்டரை வெளியிடும் பைசோ, தொடக்கத்தில் போட்டியாளரே இல்லை. 2002இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், விசார்ட்ஸிடம் அனுமதி பெற்று இந்த விளையாட்டின் அதிகாரபூர்வ இதழ்களான டிராகன், டன்ஜன் இரண்டையும் நடத்திவந்தது. 2007இல் விசார்ட்ஸ் அந்த அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. பைசோவின் முதன்மை வருமானம் ஒரே அடியில் நின்றது. மறு ஆண்டு நான்காம் பதிப்பு வந்தபோது விசார்ட்ஸ் பழைய திறந்த உரிமத்தை அதற்கு நீட்டிக்கவும் இல்லை. ‘கேம் சிஸ்டம் லைசென்ஸ்’ என்ற புதிய உரிமம் கொடுக்கப்பட்டது. ஒரு நூல்வரிசையைப் புதிய உரிமத்துக்கு மாற்றினால் அதைப் பழைய உரிமத்தின் கீழ் மீண்டும் வெளியிடக் கூடாது என்பது அதன் முதல் வடிவிலிருந்த நிபந்தனை. கைவசமிருந்த வழியை அடைத்துக்கொண்டு, நிறுவனம் நினைத்தால் மாற்றக்கூடிய வழியில் போகச் சொன்னால் யார் போவார்கள்?

பைசோ போகவில்லை. 3.5 பதிப்பின் விதிகள் இன்னும் திறந்தே இருந்தன. அவற்றைச் செப்பனிட்டு, 2008இல் வாசகர்களிடம் சோதனைக்கு விட்டு, 2009 ஆகஸ்ட்டில் 576 பக்க நூலாக பாத்ஃபைண்டரை வெளியிட்டது. புதிய பதிப்பு பிடிக்காத பழைய ஆட்டக்காரர்கள் திரளாக அதன் பக்கம் சென்றார்கள். கடை விற்பனையைக் கணிக்கும் ஐசிவி2 என்ற வணிக இதழின் தரவரிசையில் 2011இல் பாத்ஃபைண்டர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு மேலே வந்தது.

இப்போது நீங்களே தீர்மானியுங்கள். விசார்ட்ஸ் தன் புதிய பதிப்புகளுக்கும் உரிமத்தைக் கொடுத்துவந்த 2000 முதல் 2008 வரை, அந்த உரிமத்தின் கீழ் வெளியிட்ட யாரும் விசார்ட்ஸை முந்தவில்லை, கூட்டாளிகளாகவே இருந்தார்கள். உரிமத்திலிருந்து விசார்ட்ஸ் விலகிய பிறகுதான், வேலையில்லாமல் விடப்பட்ட கூட்டாளி ஒருவர் போட்டியாளராக மாறினார். விசார்ட்ஸே இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டதாகத்தான் தோன்றியது: 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிச் சாரத்தை 2016 ஜனவரியில் மறுபடியும் பழைய திறந்த உரிமத்தின் கீழேயே வெளியிட்டது, அந்தப் பதிப்பு பெருவெற்றி பெற்றது. வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உரிமம் அதற்குத் தடையாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: 2023 ஜனவரியில் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியுமா? ‘நிரந்தரமான’ என்று எழுதிக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்ய எப்படி முடியும் என்று நினைத்தார்கள்?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: உரிமத்தின் 4ஆம் பிரிவில் நிரந்தரமான, உலகளாவிய, உரிமத்தொகை இல்லாத என்ற சொற்கள் இருக்கின்றன. திரும்பப்பெற முடியாத என்ற சொல் இல்லை. 9ஆம் பிரிவோ, விசார்ட்ஸ் இந்த உரிமத்தின் புதிய பதிப்புகளை வெளியிடலாம் என்றும், பயன்படுத்துவோர் ‘அங்கீகரிக்கப்பட்ட’ எந்தப் பதிப்பின் கீழும் திறந்த உள்ளடக்கத்தைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. எழுதியவர்களின் நோக்கம் பயன்படுத்துவோரைப் பாதுகாப்பது: புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதிலேயே தொடரலாம் என்று விசார்ட்ஸே முன்பு தன் விளக்கக் குறிப்பில் சொல்லியிருந்தது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட என்ற அடைமொழியைப் பிடித்துக்கொண்டு, 1.0ஏ என்ற பழைய பதிப்புக்கான அங்கீகாரத்தை நீக்கிவிட்டால் அது செல்லாது என்று வாதிட ஒரு வழி கிடைத்தது.

பின்னணியையும் பார்க்க வேண்டும். 2022இல் ஹாஸ்ப்ரோ, இந்த விளையாட்டின் இணையக் கருவியான டி அண்ட் டி பியாண்டை 14.63 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், இந்த விளையாட்டிலிருந்து ஈட்டக்கூடிய பணம் முழுமையாக ஈட்டப்படவில்லை என்று விசார்ட்ஸின் தலைவர் முதலீட்டாளர்களிடம் பேசினார். 2023 ஜனவரி 5 அன்று கிஸ்மோடோ செய்தித் தளம், திறந்த உரிமத்தின் புதிய பதிப்புக்கான, கசிந்த 1.1 வரைவின் உள்ளடக்கத்தை வெளியிட்டது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வருவாய் ஈட்டுவோர் கணக்குக் காட்ட வேண்டும்; 7,50,000 டாலரைத் தாண்டிய தொகையில் 25 விழுக்காட்டை உரிமத்தொகையாகச் செலுத்த வேண்டும்; மற்றவர்கள் எழுதுவதை விசார்ட்ஸ் பயன்படுத்திக்கொள்ள நிரந்தர உரிமை உண்டு; பழைய 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல. அந்த 25 விழுக்காடு லாபத்தில் அல்ல, வருவாயில் என்பதைக் கவனியுங்கள். தாள், அச்சு, ஓவியர் கூலி, கப்பல் கட்டணம் போக மிஞ்சுவது வருவாயில் கால் பங்கைத் தொடாத தொழில் இது. தாண்டும் ஒவ்வொரு பிரதியும் நட்டத்தில் விற்கும் நிலைதான் ஏற்பட்டிருக்கும்.

எதிர்ப்பு பல முனைகளிலிருந்தும் வந்தது. வெளியீட்டாளர்களும் ஆட்டக்காரர்களும் வெளிப்படைக் கடிதத்தில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். டி அண்ட் டி பியாண்ட் சந்தாக்களை ரத்து செய்யும் இயக்கம் பரவியது. பழைய உரிமத்தைத் திரும்பப்பெறும் நோக்கம் தங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்று டான்சியே பொதுவெளியில் சொன்னார். 12ஆம் தேதி பைசோ, யாருக்கும் சொந்தமில்லாத புதிய உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது. கேயோசியம், கிரீன் ரோனின், கோபோல்ட் பிரஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் உடனே அதில் இணைந்தன. அந்த இரண்டு வாரங்களில் தன் அடிப்படை விதிநூலின் எட்டு மாதச் சரக்கு விற்றுத் தீர்ந்ததாகப் பைசோ தெரிவித்தது. 19ஆம் தேதி விசார்ட்ஸ் உரிமத்தொகையைக் கைவிட்ட 1.2 வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000க்கு மேற்பட்டோர் பதிலளித்தார்கள். அந்த உரிமத்தின் கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என்று 88 விழுக்காட்டினர் சொன்னார்கள்.

ஜனவரி 27 அன்று விசார்ட்ஸ் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடப்போவதில்லை என்று அறிவித்ததோடு, ஐந்தாம் பதிப்பின் விதிச் சாரத்தை, 5.1 ஆவணத்தை முழுமையாக, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் 4.0 உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இந்த இரண்டாவது அறிவிப்புதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. முதலாவது வாக்குறுதி, தலைமை மாறினால் வாக்குறுதியும் மாறலாம். இரண்டாவது, அவர்கள் கையை விட்டுப் போய்விட்ட ஒன்று. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை எழுதியது வேறொரு அமைப்பு. அதில் திரும்பப்பெற முடியாது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. திருத்தும் அதிகாரம் விசார்ட்ஸுக்கு இல்லை. நிறுவனம் தானாக முன்வந்து கொடுத்ததல்ல இது. வெளியீட்டாளர்களும் ஆட்டக்காரர்களும் மூன்று வாரம் விடாமல் நின்று வாங்கியது. அவர்களுக்கு இதற்கான முழுப் பெருமையும் உண்டு.

கேள்வி: பைசோ கொண்டுவந்த ஓஆர்சி உரிமம், கிரியேட்டிவ் காமன்ஸ் – இரண்டில் எது மேல்?
– மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: ஓஆர்சி உரிமத்தை அசோரா சட்ட நிறுவனம் எழுதியது. 2000ஆம் ஆண்டு உரிமம் உருவானபோது விசார்ட்ஸில் வழக்கறிஞராக இருந்த பிரையன் லூயிஸ் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பழைய வரைவில் ஓட்டை எங்கே என்று நன்கு அறிந்தவர். இறுதி வடிவம் 2023 ஜூன் இறுதியில் வெளியாயிற்று. திரும்பப்பெற முடியாதது என்று அதில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டுள்ளது. பைசோ உள்ளிட்ட எந்த விளையாட்டு வெளியீட்டாளருக்கும் அது சொந்தமில்லை.

வேறுபாடு, அடுத்தவருக்கு எதைக் கடத்த வேண்டும் என்பதில் இருக்கிறது. ஓஆர்சியில், நீங்கள் எடுத்த விதியைத் திருத்தினால் உங்கள் திருத்தமும் தானாகவே எல்லோருக்கும் திறந்துவிடும். உங்கள் கதை, உலகம், பாத்திரப் பெயர்கள் தானாகவே உங்களுக்கென்று ஒதுங்கிவிடும். மென்பொருள் துறையிலுள்ள உங்களுக்கு ஜிபிஎல் உரிமத்தின் சாயல் இதில் தெரியும். கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் உரிமமோ, பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்கிறது. உங்கள் திருத்தத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். விதிகள் பொதுச் சொத்தாக வளர வேண்டும் என்று நினைப்பவர் முன்னதையும், சிக்கலின்றிப் பயன்படுத்த நினைப்பவர் பின்னதையும் தேர்ந்தெடுக்கலாம். ஃபேட், பிளேட்ஸ் இன் தி டார்க் போன்ற விளையாட்டுகள் இந்தச் சர்ச்சைக்கு வெகுமுன்பே கிரியேட்டிவ் காமன்ஸுக்குப் போய்விட்டதால் ஜனவரிக் கலக்கம் அவற்றைப் பெரிதாகத் தொடவில்லை.

என் விருப்பம் ஓஆர்சியின் பக்கம். காரணம், பழைய உரிமத்தில் அருமையாக இருந்த ஒரு பழக்கத்தை அது காப்பாற்றுகிறது. பழைய நூல்களின் கடைசிப் பக்கத்தில் 15ஆம் பிரிவைப் பாருங்கள்: முதலில் விசார்ட்ஸ், அடுத்து அதிலிருந்து எடுத்தவர், அவரிடமிருந்து எடுத்தவர் என்று பதிப்புரிமைக் குறிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும், சில நூல்களில் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கும். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் பட்ட கடனை வரிசையாக எழுதி வைத்த அத்தகைய பக்கத்தை வேறு எந்த வணிகத்திலும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: இத்தனைக்குப் பிறகு சந்தையில் உண்மையான போட்டி வந்திருக்கிறதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வந்திருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அல்ல. பைசோ தன் விளையாட்டைப் பழைய உரிமத்திலிருந்து முழுமையாகப் பிரித்தெடுத்து, 2023 நவம்பரில் திருத்திய நூல்களை வெளியிட்டது. அறம்–தீமை என்று பாத்திரங்களை வகைப்படுத்தும் பழைய முறை நீக்கப்பட்டது. நிறங்களையும் உலோகங்களையும் கொண்டு வகுத்த டிராகன்கள் போயின. ‘மேஜிக் மிசைல்’ என்று அரை நூற்றாண்டாக எல்லோரும் அறிந்த மந்திரம் ‘ஃபோர்ஸ் பராஜ்’ ஆயிற்று. பெயரை மாற்றும் இந்த வேலைக்குப் போன உழைப்பு, ஒரு நிறுவனத்தின் நம்பகமின்மைக்கு இன்னொரு நிறுவனம் கொடுத்த விலை. கோபோல்ட் பிரஸ் 2024இல் டேல்ஸ் ஆஃப் தி வேலியன்ட் என்ற தன் சொந்த விதிநூலைக் கொண்டுவந்தது. தங்கள் ஆட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பும் கிரிட்டிக்கல் ரோல் குழுவின் பதிப்பகமான டாரிங்டன் பிரஸ் 2025இல் டேகர்ஹார்ட்டை வெளியிட்டது. எம்சிடிஎம் நிறுவனம் டிரா ஸ்டீல் என்ற விளையாட்டோடு வந்தது.

எனினும் கடைக்குப் போகும் புதியவர் இன்றும் முதலில் கேட்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத்தான். திறந்த உரிமம் போட்டியாளர்கள் நுழைவதற்கான தடையை நீக்குமே தவிர, ஆட்டத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்ற தேவையை அதனால் நீக்க முடியாது. அந்தத் தேவை பெரியவருக்கே சாதகம். விசார்ட்ஸும் இதை உணர்ந்தே நடக்கிறது எனலாம்: 2024இன் திருத்திய விதிகளுக்கான 5.2 ஆவணத்தையும் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே வெளியிட்டது. அது சரியான செயல். பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: விதிகளைத் தமிழில் மொழிபெயர்த்து, நம் நாட்டுப்புறக் கதைகளை வைத்து ஒரு சிறு நூல் வெளியிட ஆசை. விசார்ட்ஸிடம் அனுமதி கேட்டு எழுத வேண்டுமா?
– ஓவியர், புதுச்சேரி

பதில்: 5.1 அல்லது 5.2 ஆவணத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் வேண்டியதில்லை. மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருக்கே உரியது என்று நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் உரிமம் அந்த உரிமையை, விற்பனைக்கான வெளியீடு உட்பட, உங்களுக்கும் வழங்கிவிட்டது. 5.1 ஆவணம் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் விசார்ட்ஸாலேயே வெளியிடப்பட்டிருக்கிறது. தமிழில் செய்ய அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடையில் விற்கும் முழு விதிநூலிலிருந்து ஒரு பத்தியைக்கூட எடுக்காதீர்கள். இலவச ஆவணத்தில் உள்ளது மட்டுமே உங்களுக்குத் திறந்தது. அவர்களின் ஓவியங்களையும் தொடாதீர்கள். நீங்களே ஓவியர் என்பதால் இது உங்களுக்குக் குறையில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையோ அதன் சின்னத்தையோ அட்டையில் போட வேண்டாம். ‘ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்’ என்று குறிப்பிடுவதை விசார்ட்ஸே அனுமதித்திருக்கிறது. ஆவணத்தின் முதல் பக்கத்தில், அப்படியே எடுத்து அச்சிட வேண்டிய பெயர்சுட்டல் வாசகம் கொடுக்கப்பட்டுள்ளது. அதை உங்கள் நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் சேர்த்து, அதன்கீழ் இது மொழிபெயர்ப்பு என்றும் எந்தெந்தப் பகுதிகளை மாற்றியிருக்கிறீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். கதைகளும் படங்களும் உங்களுடையவை என்பதை அதே பக்கத்தில் தனியாகக் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், எது திறந்தது, எது உங்களுக்குரியது என்று உங்களிடமிருந்து எடுக்க விரும்பும் அடுத்தவருக்குத் தெரியாமல் போகும்.